ஸ்காபரோ தொகுதிகளின் தேர்தல் வரலாறு: நாம் அடிக்கடி விடும் பிழைகள்

ஸ்காபரோ, கனடாவின் ரொறன்ரோ நகரின் கிழக்குப் பகுதி. ஒன்ராறியோ மாகாண சட்டமன்றத்துக்கு அங்கே ‘ஸ்காபரோ வடக்கு’ என்று இன்று ஒரு தொகுதி இருக்கிறது. 1963 முதல் 1999 வரையும் அதே பெயரில் ஒன்று இருந்தது. முற்போக்குப் பழமைவாதக் கட்சியின் தோமஸ் வெல்ஸ் அதை 1985 வரை கையில் வைத்திருந்தார். அதற்கப்புறம் லிபரல் கட்சியின் அல்வின் கேர்லிங். 2018 முதல் ரேமண்ட் சோ. மூன்று பெயர்களையும் ஒரே பட்டியலில் கோத்துவிட்டால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நடுவில் 19 ஆண்டுகள் அந்தத் தொகுதியே இல்லை. இப்போது இருப்பது பழைய பெயரைச் சூட்டிக்கொண்ட வேறொரு தொகுதி.

தொகுதி வரலாறு எழுதுகிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். பெயர் ஒன்றாக இருந்தால் நிலமும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். 1999இல் மாகாண முதல்வர் மைக் ஹரிஸின் அரசு மாகாணத்தின் ஆசனங்களை 130இலிருந்து 103ஆகக் குறைத்து, மத்திய நாடாளுமன்றத் தொகுதிகளின் எல்லைகளையே மாகாணத்துக்கும் எடுத்துக்கொண்டது. பழைய ஸ்காபரோ வடக்கு அதில் மறைந்தது. கேர்லிங் புதிய ஸ்காபரோ ரூஜ் ரிவர் தொகுதியில் நின்று வென்றார். ‘1985 முதல் லிபரல் கோட்டை’ என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு தொகுதிகளையும் சேர்த்துத் தைத்துத்தான் சொல்கிறார்கள். ஒரு மனிதரின் அரசியல் வாழ்க்கையாகச் சொன்னால் சரி. ஒரு தொகுதியின் வரலாறாகச் சொன்னால் பிழை.

எல்லைகள் ஒன்றாகிவிட்டதால் வேறொரு குழப்பம் வந்து சேர்ந்தது. 2011 மே 2 அன்று நடந்த மத்திய தேர்தலில், ஸ்காபரோ ரூஜ் ரிவரில் புதிய ஜனநாயகக் கட்சியின் ராதிகா சிற்சபைஈசன் வென்று கனடாவின் முதல் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினரானார். அதே ஆண்டு ஒக்டோபர் 6இல் மாகாணத் தேர்தல். அதே பெயர், அதே எல்லை, கிட்டத்தட்ட அதே வாக்காளர்கள். வென்றவர் லிபரல் கட்சியின் பாஸ் பால்கிசூன். புதிய ஜனநாயகக் கட்சியின் நீதன் சாணுக்கு இரண்டாம் இடம். ‘2011இல் ரூஜ் ரிவர் யாருக்கு வாக்களித்தது?’ என்று மொட்டையாகக் கேட்டால் இரண்டு விடைகளும் சரிதான். ஐந்து மாதத்தில் மக்கள் மனம் மாறிவிட்டார்கள் என்று இதற்குக் கதை கட்ட வேண்டியதில்லை. மத்திய நாடாளுமன்றம் இருக்கும் ஒட்டாவாவுக்கு ஒரு கட்சி, மாகாண சட்டமன்றம் இருக்கும் குயின்ஸ் பார்க்குக்கு இன்னொரு கட்சி என்று யோசித்தே வாக்களிப்பவர்கள் இங்கே நிறையப் பேர்.

2015இல் மத்திய எல்லைகள் மாறி, மத்திய ரூஜ் ரிவர் இல்லாமல் போனது. மாகாணமோ 2018 வரை பழைய எல்லையிலேயே இருந்தது. அதனால்தான் 2016 செப்டெம்பர் 1 இடைத்தேர்தல், மத்திய வரைபடத்தில் இல்லாத ஒரு தொகுதியில் நடந்தது. மத்திய வரைபடத்தைப் பார்த்துவிட்டு ‘2015இல் ஒழிக்கப்பட்டது’ என்று மாகாணப் பட்டியலிலும் எழுதினால் அந்த இடைத்தேர்தலுக்கு இடமே இருக்காது.

அந்த இடைத்தேர்தலையே இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். பால்கிசூன் பதவி விலகியதால் வந்தது. முற்போக்குப் பழமைவாதக் கட்சி சார்பில் நின்ற ரேமண்ட் சோ வென்றார். உடனே அந்தக் கட்சியின் நிறத்தைச் சொல்லி ‘ஸ்காபரோ நீலமாகிவிட்டது’ என்றார்கள். சோ அதற்கு முன் நீண்ட காலம் ரொறன்ரோ நகரசபை உறுப்பினர். 1988இல் மத்திய தேர்தலில் புதிய ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராகக்கூட நின்றவர். அவருக்கு விழுந்த வாக்கில் கட்சிக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்று எண்ணிக்கைத் தாள் சொல்லாது. இடைத்தேர்தலில் ஆட்சி மாறப்போவதில்லை. வாக்களிக்க வருகிறவர்கள் குறைவு. ஆளும் கட்சிக்கு ஒரு குட்டு வைக்கலாம் என்று வருகிறவர்களும் உண்டு. அதைப் பொதுத்தேர்தலோடு நேருக்கு நேர் நிறுத்துவது நியாயமில்லை. 2018இலும் சோ வென்றதால் அந்த முடிவு முன்னறிவிப்புப் போலத் தெரிகிறது. நடந்து முடிந்த பிறகு எதுவும் அப்படித்தான் தெரியும்.

அந்த 2016 இடைத்தேர்தலைப் பற்றி நம்மவர்கள் சொல்லும் இன்னொன்று: ‘இரண்டு தமிழர் நின்றதால் தமிழ் வாக்குப் பிரிந்து மூன்றாமவர் வென்றார்.’ லிபரல் வேட்பாளரும் புதிய ஜனநாயகக் கட்சி வேட்பாளரும் தமிழர்கள் என்பது உண்மை. ஆனால் வாக்குச்சீட்டில் யாரும் தாய்மொழியை எழுதிப் போடுவதில்லை. தமிழர் எத்தனை பேர் வாக்களித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் சோவுக்கே போட்டார்கள் என்று தொகுதியின் மொத்த எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டாம், மூன்றாம் இடத்து வாக்குகளைக் கூட்டி ‘ஒருவர் விலகியிருந்தால்’ என்று போடும் கணக்கும் இப்படித்தான். விலகியவரின் வாக்கு முழுதும் மற்றத் தமிழருக்கே போயிருக்கும் என்று யார் சொன்னது? சிலர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். இந்தக் கணக்கை நானும் ஒரு காலத்தில் உறுதியாகப் போட்டவன்தான்.

வென்றவர் பெயரை மட்டும் பார்ப்பது சின்னப் பிழை போலத் தோன்றும். 2011, 2014 இரண்டிலும் பால்கிசூன். எதுவும் மாறவில்லை என்றே பட்டியல் காட்டும். இரண்டு முறையும் இரண்டாம் இடத்தில் இருந்த புதிய ஜனநாயகக் கட்சி 2016இல் மூன்றாம் இடத்துக்குப் போனதைப் பார்க்க மற்ற வரிகளையும் படிக்க வேண்டும்.

விழுக்காட்டையும் தனியாக நம்பக்கூடாது. மாகாணம் முழுதுமாக முற்போக்குப் பழமைவாதக் கட்சி 2018இல் 40.5 விழுக்காடு, 2022இல் 40.8 விழுக்காடு பெற்றது. ஆதரவு சற்றுக் கூடியது போலத் தெரிகிறதா? வாக்குகளை எண்ணினால் சுமார் 23 இலட்சம் 19 இலட்சமாகக் குறைந்திருந்தது. 2022இல் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 44 விழுக்காட்டினரே. ஒரு தொகுதியில் ‘வாக்கு வளர்ந்தது’ என்று எழுதும் முன் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி வரப்போகும் பட்டியல்களில் இந்தக் குழப்பம் தலைகீழாக வரும். 2025 பெப்ரவரி 27 மாகாணத் தேர்தலில் விஜய் தணிகாசலம் வென்றது ஸ்காபரோ ரூஜ் பார்க். இரண்டு மாதம் கழித்து நடந்த மத்திய தேர்தலில் ஹரி ஆனந்தசங்கரி வென்ற தொகுதியின் பெயர் ஸ்காபரோ கில்ட்வுட் ரூஜ் பார்க். மத்தியில் எல்லை மாறி ஸ்காபரோவின் ஆசனங்கள் 6இலிருந்து 5ஆகின. மாகாணத்தில் இன்னும் 6. 2011இல் எல்லை ஒன்று, முடிவு இரண்டு. 2025இல் எல்லையே இரண்டு. இந்த இரு முடிவுகளையும் ஒப்பிட வேண்டுமானால் வாக்குச்சாவடி வாரியாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.