மானாவாரிக் காட்டில் மண் அரிப்பைத் தடுக்க ஒரு சிறு மண்கரை

ஐப்பசி மழை முடிந்து காட்டைச் சுற்றி வந்தால், போன வருடம் முழங்கால் ஆழம் இருந்த பள்ளம் இடுப்பளவுக்கு இறங்கியிருக்கும். போன மேல்மண் திரும்பாது. பள்ளத்துக்குக் குறுக்கே ஒரு மண்கரை போட்டால் வெள்ளம் தேங்கி, வண்டலை அங்கேயே இறக்கிவிடும். நான் சொல்வது ஆறடி உயரம் வரைக்கும்தான். அதற்கு மேல் என்றாலோ, கீழே வீடோ சாலையோ இருந்தாலோ பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

1. இடம்

புலப்படத்தை, அதாவது உங்கள் நிலத்தின் அளவை வரைபடத்தைப் பாருங்கள். பள்ளம் ஓடைப் புறம்போக்காக இருந்தால் நாமாகக் கைவைக்கக் கூடாது. பட்டா நிலத்துக்குள் இருந்தால் குறுகலான இடமாகத் தேர்ந்தெடுத்து, சித்திரை வைகாசியிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

2. கலிங்கு

கலிங்கு என்பது தேங்கி மிஞ்சும் தண்ணீர் வெளியேறும் வழி. கரையைவிட இதுதான் முக்கியம். எங்கள் முதல் கரைக்குக் கலிங்கை ஒரு முழ அகலத்தில் வெட்டினோம். ஒரே ராத்திரி மழையில் தண்ணீர் கரை மேலேறி, விடிவதற்குள் நடுவில் பிளந்துவிட்டது. மண்கரை மேல் தண்ணீர் வழியவே கூடாது.

கொட்டிய மண்ணில் கலிங்கு வெட்டாதீர்கள். கரையின் ஓரத்தில், கலையாத பூமியில் வெட்டுங்கள். அதன் தரை கரை உச்சியிலிருந்து மூன்றடி தாழ்ந்திருக்கட்டும். பெருமழையில் பள்ளத்தில் எவ்வளவு அகலத்துக்கு வெள்ளம் போனதோ, அதற்குக் குறையாத அகலம் வேண்டும். தண்ணீர் இறங்கும் முனையில் கல் பரப்புங்கள்.

3. அடித்தளம்

புல், வேர், செத்தை எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். கரையின் நடுக்கோட்டில் கெட்டி மண் தட்டும்வரை அகழி வெட்டி, களிமண் போட்டு இடியுங்கள்.

4. மண்ணும் சரிவும்

ஈரமண்ணை உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும். அப்புறம் ஒரு காய்ந்த கட்டியை டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சுற்றிலும் பால் மாதிரி கலங்கினால் அந்த மண் வேண்டாம், கரைக்குள்ளேயே கரைந்து ஓட்டை போடும்.

அரையடி கனத்துக்குப் பரப்பி, நீர் தெளித்து, உருளை ஓட்டி, அதன் மேல் அடுத்த அடுக்கு. ஜேசிபி கொட்டிவிட்டுப் போன குவியலைக் கரை என்று நம்பாதீர்கள். ஓரடி உயரத்துக்குத் தண்ணீர்ப் பக்கம் மூன்றடி, வெளிப்பக்கம் இரண்டடி சரிவு. உச்சி அகலம் ஐந்தடி. ஆறடிக் கரைக்கு அடிப்பக்க அகலம் 35 அடி வரும். இந்தக் கணக்கைப் பார்த்து மலைத்துச் சரிவைக் குறைத்துவிடாதீர்கள். மண் அமரும் என்பதால் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகப் போடுங்கள்.

5. புல்

அருகம்புல், வெட்டிவேர் இரண்டும் நல்லது. மரம் மட்டும் வேண்டாம். பட்டுப்போனால் வேர் மக்கிய வழியே தண்ணீர் புகும். எலிவளை தெரிந்தால் உடனே தோண்டி இடித்து மூடுங்கள்.

முதல் மழையில் குடையோடு போய்க் கரையின் வெளி அடிவாரத்தைப் பாருங்கள். தெளிந்த நீர் லேசாகக் கசிந்தால் பரவாயில்லை. கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். கரையில் நிற்காமல், கீழ்க்காட்டுக்காரர்களுக்கு உடனே சொல்லுங்கள்.