இறந்த காலம் உண்டா: இக்கேள்வியைச் சிந்திக்கும் முறை

காலத்தைப் பற்றிப் பொதுப்படையாகச் சிந்திக்கத் தொடங்கினால் விரைவிலேயே வெறும் சொற்கள்தான் கையில் மிஞ்சும். ஆகவே இப்போது இல்லாத ஒரே ஒரு பொருளை முதலில் தேர்ந்துகொள்ளுங்கள். நான் தேர்ந்துகொண்டது சிங்கப்பூரின் ஸ்டாம்ஃபோர்டு சாலையில் நின்ற பழைய தேசிய நூலகம். 1960இல் திறக்கப்பட்ட அந்தச் செங்கல் கட்டடம், ஃபோர்ட் கேனிங் சுரங்கச் சாலைக்கு வழிவிடுவதற்காக 2004இல் இடிக்கப்பட்டது. அதன் வாயில் தூண்கள் இரண்டு மட்டும் இன்றும் நிற்கின்றன. 1978இல், நான் சிறுவனாக இருந்தபோது, என் தந்தை சனிக்கிழமைகளில் என்னை அங்கே அழைத்துச் செல்வார். இன்று அவரும் இல்லை. நீங்களும் மனம் விடாமல் பற்றியிருக்கும் ஒன்றையே தேர்ந்துகொள்வது நல்லது, ஏனெனில் அக்கறையற்ற பொருளைப் பற்றி எந்த விடை சொன்னாலும் சரியாகவே தோன்றும்.

அடுத்து, கேள்வியில் உள்ள வினைச்சொல்லைச் சோதியுங்கள். "அந்த நூலகம் இருக்கிறதா?" என்று கேட்டால், வினை நிகழ்காலத்தில் அமைவதால், இப்பொழுது இருக்கிறதா என்று கேட்டதாகவே முடியும், இடித்த கட்டடம் இப்பொழுது இல்லை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. மாறாக, "உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். உண்டு, இல்லை என்பவை காலத்தை வெளிப்படையாகக் காட்டாத குறிப்பு வினைகள். "சென்னையில் கடற்கரை உண்டு" என்று சிங்கப்பூரில் இருந்தபடி சொல்பவர் அக்கடற்கரை இங்கே இருப்பதாகச் சொல்வதில்லை. அதுபோலவே, 1978இல் அந்நூலகம் உண்டு என்று 2004க்குப் பின்னும் சொல்ல முடியுமா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

'இறந்த' என்ற சொல்லிலும் இதே கவனம் வேண்டும். சங்கப் பாடல்களில் சுரம் இறந்தவர் என்றால் பாலை வழியைக் கடந்து போனவர். மாண்டவர் அல்லர், கண்ணுக்கு எட்டாத தொலைவில் இருப்பவர். அப்படியானால் இறந்த காலம் என்பது மாண்டுபோன காலமா, அப்பால் கடந்து சென்ற காலமா? மெய்யியலாளர்களின் வழக்கு முழுவதும் இந்த ஒரு சொல்லின் இரு பொருள்களுக்கு இடையில்தான் நடக்கிறது என்று நான் கருதுகிறேன்.

இனி, பொருளையும் அதன் தடயங்களையும் பிரித்து வையுங்கள். தூண்கள், நிழற்படங்கள், என் நினைவு ஆகிய அனைத்தும் இன்று இருப்பவை. அவை இருப்பதால் நூலகம் உண்டு என்று ஆகிவிடாது. விண்மீனைப் பார்ப்பது கடந்த காலத்தையே பார்ப்பதாகும் என்று பலர் வாதிடுவதும் இவ்வகைப் பிழையே, ஏனெனில் நம் கண்ணை வந்தடைவது இன்று இங்கே இருக்கும் ஒளி. கடிகாரத்தையும் காலமென்று மயங்க வேண்டாம். 1981 டிசம்பர் 31 அன்று இரவு 11.30 மணிக்குச் சிங்கப்பூர்க் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டு நள்ளிரவைக் காட்டின. அதனால் எவருடைய வாழ்நாளிலும் அரை மணி நேரம் குறையவில்லை.

இவற்றைச் செய்த பிறகு கட்சிகளை நிறுத்துங்கள். நிகழ்காலம் மட்டுமே உண்டு என்பது ஒரு கட்சி. முக்காலமும் சமமாக உண்டு என்பது இன்னொன்று. பௌத்தத்தில் சர்வாஸ்திவாதம் என்ற பிரிவின் பெயருக்கே 'அனைத்தும் உண்டு என்னும் வாதம்' என்பதுதான் பொருள். முன்பு செய்த வினை அறவே இல்லையானால் அது இன்று எப்படிப் பயன் தரும் என்று அவர்கள் கேட்டார்கள். இறந்ததும் நிகழ்வதும் உண்டு, எதிர்வது இல்லை, உலகம் வளர்ந்துகொண்டே போகிறது என்பது 1923இல் மெய்யியலாளர் சி. டி. பிராட் முன்வைத்த மூன்றாம் கட்சி.

இவற்றை உரசிப் பார்க்க மிகச் சிறந்த கல் நம் ஊரிலேயே கிடைக்கிறது. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் எழுத்துகள் பொறித்த பெரும்பாறை ஒன்று நின்றது. 1843இல் அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதன் துண்டு ஒன்று தேசிய அரும்பொருளகத்தின் சேகரிப்பில் உள்ளது. அதில் சோழ மன்னர்களின் 'பரகேசரி' என்ற பட்டத்தின் பகுதி தெரிவதாகக் கருதும் ஆய்வாளர் உண்டு; ஆயினும் கல்வெட்டு இன்றுவரை முழுமையாக வாசிக்கப்படவில்லை. இப்போது இப்படிக் கேளுங்கள்: தகர்ந்துபோன பகுதியில் ஒரு குறிப்பிட்ட எழுத்து இருந்தது அல்லது இருக்கவில்லை, இவ்விரண்டில் ஒன்று உண்மையாக இருந்தாக வேண்டுமல்லவா? ஆம் என்றால், அந்த உண்மையைத் தாங்கி நிற்பது எது? மிஞ்சிய துண்டால் அதைத் தாங்க இயலாது. நினைவில் வைத்திருப்பவர் எவரும் இல்லை. நிகழ்காலம் மட்டுமே உண்டு என்பவர், தடயம் முற்றாக அழிந்தால் உண்மையும் அழியும் என்று ஒப்ப வேண்டும், அல்லது தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமலேயே உண்மை நிற்கும் என்று காட்ட வேண்டும். முதல் விடை எனக்குப் பெரும் அநீதியாகப் படுகிறது, ஏனெனில் சாட்சி இல்லாமல் மாண்ட எளியவர்களின் வாழ்க்கை நடக்கவே இல்லை என்று அது முடியும்.

இயற்பியலையும் கேளுங்கள், ஆனால் அதனிடம் தீர்ப்பை எதிர்பார்க்காதீர்கள். ஐன்ஸ்டைன் 1905இல் காட்டியபடி, ஒருவரோடு ஒருவரை ஒப்பிட நகர்ந்துகொண்டிருக்கும் இருவர், தொலைவில் நடப்பவற்றுள் எவை ஒரே நேரத்தவை என்பதில் வேறுபடுவர். 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தை நோக்கி ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நடப்பவருக்கும், அங்கேயே அமர்ந்திருப்பவருக்கும், அந்த மண்டலத்தின் 'இப்பொழுது' ஏறத்தாழ நான்கு நாள் வேறுபடும். எல்லாருக்கும் பொதுவான ஒரே நிகழ்காலம் உண்டு என்பதை இது கடுமையாக அசைக்கிறது. எனினும் கருவிகளுக்குப் புலப்படாத ஒரு நிகழ்காலம் இருக்கலாம் என்று மறுகட்சியார் சொல்ல இன்னும் இடமுண்டு.

அவர்கள் பக்கத்து வலிமையையும் நேர்மையாக எடை போடுங்கள். கட்டாயத் தேசிய சேவையின் இரண்டு ஆண்டுகள் முடிந்து வீடு திரும்பும் இளைஞர் "அப்பாடா, முடிந்தது" என்கிறார். இத்தகைய ஆறுதலைத்தான் 1959இல் மெய்யியலாளர் ஆர்தர் பிரையர் வாதமாக்கினார். ஒரு நிகழ்ச்சிக்கு உரிய தேதி எப்போதும் மாறுவதில்லை. முக்காலமும் சமமாக உண்டென்றால் அந்த இரண்டு ஆண்டுகளும் உண்டு; பிறகு அந்த இளைஞர் எதற்காக மகிழ்கிறார்?

கடைசியாக, உங்கள் விடையை எதிர்காலத்தின் மீது திருப்பிப் பாருங்கள். நூலகம் உண்டென்றால் இன்னும் கட்டப்படாத கட்டடமும் உண்டா? இங்கே தயங்கினால் நீங்கள் பிராட்டின் பக்கம் சாய்கிறீர்கள். நானும் அங்கேதான் சாய்ந்திருக்கிறேன். ஆனால் அக்கட்சிக்கு ஒரு கடினமான கேள்வி காத்திருக்கிறது. 1978இன் சனிக்கிழமையும் உண்டென்றால், தந்தையின் கையைப் பிடித்தபடி அந்த வாயிலில் நுழையும் சிறுவன், இதுவே நிகழ்காலம் என்று முழு உறுதியோடு நம்புகிறான். அவன் நம்புவது பிழையென்றால், இந்த வரியை எழுதும் நான் உலகத்தின் வளரும் விளிம்பில்தான் இருக்கிறேன் என்று எதை வைத்துச் சொல்வேன்?