பரிசு விழாத லாட்டரி எண்ணைப் பிரித்து மேய்வது எப்படி

தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள், வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளா லாட்டரிக் கடை. பரிசு விழாத சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். முன்னால் இருக்கும் எழுத்துகளை விட்டுவிட்டால், அந்த ஆறு இலக்க எண் கணக்குக்கு நல்ல சரக்கு: அதை எந்தெந்தப் பகா எண்கள் பெருக்கி உண்டாக்கின என்று கண்டுபிடிக்கலாம். உதாரணத்துக்கு 483769 என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் இலக்கங்களைக் கூட்டுங்கள். 37, அப்புறம் 10, அப்புறம் 1. கூட்டெண் பார்த்துச் சீட்டுப் பொறுக்குகிறவர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள், ஆனால் இந்த 1 சொல்வதெல்லாம் 9-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்பதைத்தான். அதனால் 3-ஆலும் வகுபடாது. கடைசி இலக்கம் 9, ஆக 2, 5 இரண்டும் கிடையாது.

அடுத்ததுதான் ருசியான இடம். எண்ணை மும்மூன்றாக வெட்டிக் கழியுங்கள்: 769 − 483 = 286. 7, 11, 13 மூன்றையும் பெருக்கினால் 1001 வரும், நம் எண்ணோ 483 × 1001-உம் கூட ஒரு 286-உம், எனவே இந்த மூன்றில் எது 286-ஐ வகுக்கிறதோ அதுவே முழு எண்ணையும் வகுக்கும். 286 = 2 × 11 × 13. சரி, 7 போச்சு, 11-உம் 13-உம் மாட்டின. 143-ஆல் வகுத்தால் ஈவு 3383.

இங்கே பலர் பழைய எண்ணின் வர்க்கமூலமான 695 வரைக்கும் வகுத்துக்கொண்டே போவார்கள், வீண் வேலை. இப்போது கையில் இருப்பது 3383, அதன் வர்க்கமூலம் 58 சொச்சம்தான். 11, 13 இன்னொரு தடவை போகுமா என்று பாருங்கள், போகாது. 17 போகும்: 17 × 199. 199-க்கு 14 வரை பார்த்தால் போதும், எதற்கும் மசியாது, அது பகா எண்.

ஆக 483769 = 11 × 13 × 17 × 199. இது கிடைத்தபின் மற்றதெல்லாம் வாய்க்கணக்கு. ஒவ்வொரு பகா எண்ணையும் எடுக்கலாம், விடலாம், அதனால் காரணிகள் 2 × 2 × 2 × 2 = 16. அவற்றின் கூடுதல் 12 × 14 × 18 × 200 = 604800. ஒரு வாரத்துக்கும் அத்தனை நொடிதான், தற்செயல், ஆனாலும் ஜோர்! அதிலிருந்து எண்ணைக் கழித்தால் 121031, எண்ணைவிடச் சின்னது, எனவே இது குறை எண். இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா? முடியாது, 4-ஆல் வகுத்தால் மீதி 3 தரும் 11 ஒரே ஒரு தடவை வந்து கெடுக்கிறது.

ஈரோட்டில் பிறந்த கணித மேதை ராமானுஜனும் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டியும் 1917-ல் காட்டியபடி, ஒரு எண்ணின் வெவ்வேறு பகாக் காரணிகளின் எண்ணிக்கை வழக்கமாக அந்த எண்ணின் இயல் மடக்கைக்கு (கால்குலேட்டரில் ln) மறுபடி அதே மடக்கை எடுத்தால் வருவதை ஒட்டியே இருக்கும். நம் எண்ணுக்கு அது 2.57. நான்கு என்பது கொஞ்சம் தாராளம்.

எதற்குமே வகுபடாத முரட்டுச் சீட்டும் கையில் வரும். பயப்படாதீர்கள், ஆறு இலக்கத்துக்கு 1000-க்குக் கீழே உள்ள 168 பகா எண்களைத் தாண்டி வேலையே இல்லை, போன் கால்குலேட்டர் போதும்.