கல் அரைக்கும் பறல்: மோட்டர் வாங்கமுதல் வேகத்தைக் கணக்குப் பாருங்கள்

வன்னியில் ஓட்டுத்துண்டு, படிகக்கல் அரைக்கச் சிலர் பட்டறையிலேயே குண்டு ஆலை, அதாவது இரும்புக்குண்டுகளோடு கல்லைப் போட்டுச் சுற்றி அரைக்கும் பறல், செய்விக்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் பெரிய மோட்டர் போட்டு வேகமாகச் சுற்றினால் கூடுதலாக அரைபடும் என்று நினைக்காதீர்கள். கிளிநொச்சியில் நான் பார்த்த ஒரு பறல் கிட்டத்தட்டச் சத்தமே இல்லாமல் சுற்றியது. திறந்தால் கல் போட்டபடியே கிடந்தது. வேகம் கூடியதால் இரும்புக்குண்டுகள் சுவரோடு ஒட்டிச் சுற்றியிருக்கின்றன. விழுந்தால்தானே கல் உடையும்!

கணக்கு இதுதான். பறலின் உள்விட்டத்தில் குண்டின் விட்டத்தைக் கழித்து, மீட்டரில் எழுதுங்கள். அதன் வர்க்கமூலத்தால் 42.3 ஐ வகுத்தால், குண்டுகள் ஒட்டிக்கொள்ளும் வேகம் வரும். 64 செ.மீ. பறல், 4 செ.மீ. குண்டு என்றால் 0.6 மீட்டர், நிமிடத்துக்கு ஏறக்குறைய 55 சுற்று. அதில் 65 முதல் 75 வீதம், அதாவது 36 முதல் 41 சுற்று போதும். 1440 சுற்று மோட்டரை அவ்வளவு குறைக்க ஒரு பெல்ட் காணாது, கியர்பொக்ஸ் வேண்டும்.

குண்டு பறலில் மூன்றில் ஒரு பங்கு, கல் அந்த இடைவெளிகளை நிரப்புமளவு. உள்தகட்டை வெல்டிங் செய்யாமல் போல்ட்டில் பூட்டுங்கள், தேய்ந்தால் கழற்றி மாற்றலாம்.

அப்புறம், படிகக்கல் தூசி நுரையீரலையே அரித்துவிடும். துணி கட்டினால் போதாது. முடிந்தால் தண்ணீர் விட்டே அரையுங்கள்.