வளைய முடிச்சை எச்சில் தொட்டு இறுக்குங்கள்
தூண்டில் நரம்பில் ஒற்றை முடிச்சாக வளையம் போட்டால், கனமான மீன் இழுக்கும்போது முடிச்சிலேயே பட்டென்று அறுந்துவிடும். இரட்டைச் சுற்றுதான் சரி. நுனியை ஒரு சாண் நீளத்துக்கு மடியுங்கள். அந்த இரட்டை நரம்பிலேயே ஒரு முடிச்சு போட்டு, இறுக்காமல், மடிந்த முனையை அதே ஓட்டைக்குள் இன்னொரு முறை நுழைத்து எடுங்கள். வழுக்குகிற மெல்லிய நரம்பா? மூன்றாவது முறையும் நுழைக்கலாம்.

அப்புறம், இறுக்கும் முன் முடிச்சை எச்சிலால் நனையுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். காய்ந்த நைலான் உரசிச் சூடேறினால் சுருண்டு பலம் போய்விடும். வளையத்துக்குள் ஒரு பேனாவை மாட்டிக்கொண்டு, நீள நரம்பையும் வாலையும் (முடிச்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குட்டை நுனி) சேர்த்துப் பிடித்து மெதுவாக இழுங்கள். 3 மில்லிமீட்டர் விட்டு வாலை நறுக்குங்கள். பல்லால் கடிக்காதீர்கள், நகவெட்டி போதும்.