இரவு 3 மணி விழிப்பிலிருந்து மீண்ட அனுபவம்

கல்லூரி இரண்டாம் ஆண்டில் என் தூக்கம் அடியோடு குலைந்துபோனது. இரவு 3 மணிவரை கண் மூடாது. காலை வகுப்பில் எழுதிய குறிப்புகளைப் பிறகு புரட்டினால், பாதி வரியில் எழுத்து கோடாக இழுபட்டுப் பக்கத்தின் ஓரம்வரை சரிந்திருக்கும்.

சீக்கிரம் படுத்துப் பார்த்தேன். புரண்டு புரண்டு படுத்ததுதான் மிச்சம். நான் பிடித்த முனையே தவறு. தூக்கத்தை வா என்றால் வராது, ஆனால் எழும் நேரம் நம் கையில் இருக்கிறது. எப்போது தூங்கினாலும், விடுமுறை நாளானாலும், 6.30 மணிக்கு எழுந்தேன். எழுந்ததும் வெளியே 20 நிமிடம் நடந்தேன். உடலின் கடிகாரத்தைத் திருத்துவது காலை வெளிச்சம்தான். அறை விளக்கு அதற்கு ஈடாகாது.

அடுத்தது காபி. இதைத்தான் நான் நம்ப மறுத்தேன். குடித்து ஏறக்குறைய 5 மணி நேரம் ஆனபின்பும் காஃபீனில் பாதி உடலில் தங்கியிருக்கும். மாலை 6 மணிக் காபி நள்ளிரவில் என்னை உட்காரவைத்ததில் வியப்பென்ன? பிற்பகல் 2 மணிக்குமேல் தொடுவதில்லை என்று நிறுத்தினேன். முதல் மூன்று நாட்கள் தலைவலி பிடுங்கியது, பொறுத்துக்கொண்டேன்.

கைபேசி அறையின் மறுகோடிக்குப் போனது. அலாரத்தை அணைக்க எழுந்து நடந்தே ஆக வேண்டும்.

இரண்டு வாரத்தில் 11 மணிக்குக் கண் தானாகச் சொக்கியது. தேர்வுக்கு முந்தைய இரவும் நண்பர்கள் விழித்துப் படிக்க, நான் பயத்தோடுதான் படுத்தேன். மறுநாள் படித்தது வரிசையாக நினைவுக்கு வந்தது.

இவ்வளவு செய்தும் வாரக்கணக்கில் தூக்கம் வராமல் மனமும் சோர்ந்திருந்தால், தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.