“ரெண்டு டயர் போதும்ணே”: ஆல் வீல் டிரைவ் காரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடைக்கானலுக்கும் மேகமலைக்கும் அடிக்கடி ஏறுகிற மதுரைக்காரர்கள் ஆசைப்பட்டு ஆல் வீல் டிரைவ் கார் (நான்கு சக்கரத்துக்கும் விசை போகிற கார்) வாங்குகிறார்கள். முதல் செட் டயர் தேய்ந்ததும், முன்பு வைத்திருந்த சின்னக் காருக்குச் செய்ததையே இதற்கும் செய்கிறார்கள். அங்கேதான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். மொட்டை டயரோடு ஓட்டக் கூடாது, காற்றுப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை இங்கே எழுதவில்லை.

தேய்ந்ததை மட்டும் மாற்றுவது

“அண்ணே, முன்னாடி ரெண்டுதான் தேஞ்சிருக்கு. பின்னாடி இன்னும் பத்தாயிரம் ஓடும். ரெண்டு போட்டாப் போதும்.”

கடைக்காரர் ஏமாற்றுவதற்காக இதைச் சொல்வதில்லை. நாள் முழுக்க முன்சக்கர டிரைவ் கார்களையே பார்க்கிறவர் அவர். அந்தக் கார்களுக்கு இது நல்ல யோசனையும்கூட. ஆல் வீல் டிரைவ் காருக்கு இதுவே விஷம்.

கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப்பில் இருக்கும் 215/60 R17 டயரை எடுத்துக்கொள்வோம். புது டயரின் பட்டன் (சாலையைத் தொடும் மேடுபள்ளம்) ஆழம் சுமார் 8 மி.மீ. பழையது 4 மி.மீ.க்குத் தேய்ந்திருந்தால் அதன் சுற்றளவு புதியதைவிட 25 மி.மீ. குறைவு. அதாவது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பழைய டயர் ஐந்து சுற்றுக்கு மேல் கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். மதுரையிலிருந்து திருச்சி போய்ச் சேர்வதற்குள் 700 சுற்றுக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். முன் அச்சும் பின் அச்சும் தனித்தனியாக இருந்தால் இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் இரண்டையும் இணைக்கும் கப்ளிங் நடுவில் இருக்கிறதே! அதற்குள் எண்ணெயில் ஊறிய கிளட்ச் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அச்சுகள் இரண்டு வேகத்தில் சுற்றும்போது சக்கரம் வழுக்குகிறது என்று கார் நினைத்துக்கொண்டு கப்ளிங்கை அழுத்துகிறது. காய்ந்த நான்குவழிச் சாலையில், சித்திரை வெயிலில், மணிக்கணக்காகத் தகடுகள் உரசுகின்றன. எண்ணெய் கருகுகிறது, தகடு தேய்கிறது. இரண்டு டயருக்கு மிச்சம் பிடித்த பணத்தைப்போலப் பல மடங்கை கப்ளிங் கேட்கும்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஒரே ஒரு டயர் மட்டும் வேறாக இருந்தால், வித்தியாசத்தில் பாதிதான் கப்ளிங்குக்குப் போகும். மீதி அந்த அச்சின் டிஃபரென்ஷியலுக்குள் (இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பெட்டி), ஓயாமல் சுற்றும் பல்சக்கரங்களில் போகும். ஒரே அச்சில் இரண்டையும் புதிதாகப் போட்டால் முழு வித்தியாசமும் கப்ளிங் தலையில்தான். ‘ஜோடியாக மாற்றினால் பரவாயில்லை’ என்ற சமாதானம் இங்கே செல்லாது.

எவ்வளவு வித்தியாசம் பொறுக்கும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பட்டன் ஆழத்தில் 1.5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் பாதுகாப்பு. உங்கள் காரின் கையேடு சொல்வதே கடைசி வார்த்தை.

வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். நான்கு டயரிலும் காற்றைச் சரியாக வைத்து, ஒவ்வொன்றிலும் உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என்று மூன்று இடத்தில் டெப்த் கேஜை (பட்டன் ஆழம் அளக்கும் கருவி) வையுங்கள். கேஜ் இல்லையென்றால் சுண்ணக்கட்டியால் டயரில் ஒரு கோடு, நேர் கீழே தரையில் ஒரு கோடு. காரை ஒரு முழுச் சுற்று தள்ளி, கோடு மறுபடி தரையைத் தொடும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே டேப் பிடித்தால் அதுதான் சுற்றளவு. நான்குக்கும் இப்படி எடுத்தால் கடைக்காரரிடம் வாதாடவே வேண்டியதில்லை.

ராமநாதபுரம் பக்கம் போய்ச் சீமைக்கருவேல முள் ஏறியது என்றால், முள் பட்டனில் இருக்கும்வரை பஞ்சர் போட்டு ஓட்டலாம். பக்கவாட்டில் ஏறினாலோ கிழிந்தாலோ டயர் போனதுதான். அப்போது மீதி மூன்றை அளந்து பாருங்கள். 6.5 மி.மீ.க்கு மேல் இருந்தால் அதே கம்பெனி, அதே மாடலில் ஒன்று போதும். அதற்குக் கீழே என்றால் உங்களுடையதைப் போலவே தேய்ந்த அதே மாடல் டயர் ஒன்றைத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் நான்கும் புதிதுதான். ஸ்டெப்னி முழு சைஸில் இருந்து, அதையும் சேர்த்து ஐந்தாகச் சுழற்றி வந்திருந்தால், இந்தச் சிக்கலே வராது.

ஏற்கெனவே கலந்து ஓட்டிவிட்டவர்கள், ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது கார் பிடித்து இழுப்பதுபோல் அதிர்கிறதா என்று பாருங்கள். அதிர்ந்தால் முதலில் டயரைச் சரிசெய்யுங்கள். பிறகு கப்ளிங் எண்ணெயையும் பின் டிஃபரென்ஷியல் எண்ணெயையும் இறக்கிப் பாருங்கள். கருகிய வாடையோ இரும்புத் தூளோ இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

(மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி வேறு கணக்கு. இரண்டு சக்கர நிலையான 2Hஇல் முன் அச்சுக்கு விசை போகாது. நான்கு சக்கர நிலையான 4Hஇல் போட்டால் முன்னும் பின்னும் கட்டிப்போட்ட மாதிரி. நான்கு டயரும் ஒன்றாக இருந்தாலும் காய்ந்த தார்ச்சாலையில் அப்படி ஓட்டக் கூடாது.)

அதே சைஸ், வேறு கம்பெனி

பக்கவாட்டில் அச்சிட்ட சைஸ் ஒன்றாக இருந்தாலும், நிஜ விட்டம் கம்பெனிக்குக் கம்பெனி சில மில்லிமீட்டர் மாறும். கலக்காதீர்கள்.

லோடு எண்ணைக் குறைத்து வாங்குவது

டயரின் பக்கவாட்டில் 96H என்று இருந்தால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும், மணிக்கு 210 கி.மீ. வரை வேகம். உங்கள் காருக்குச் சொன்னதற்குக் கீழே இறங்காதீர்கள்.

தேதி பார்க்காதது

பக்கவாட்டில் 3224 என்று இருந்தால் டயர் தயாரானது 2024ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். நான்கிலும் பாருங்கள்.

ஒல்லி ஸ்டெப்னியில் ஊர் சுற்றுவது

பஞ்சர் கடை வரைக்கும்தான் அது.

இடம் மாற்றாமல் விடுவது

முன் டயர் சீக்கிரம் தேயும். திசை அம்புக்குறி இல்லாத டயரென்றால் 8,000 கி.மீ.க்கு ஒருமுறை பின்னால் இருப்பவற்றை நேராக முன்னுக்கும், முன்னால் இருப்பவற்றைக் குறுக்காகப் பின்னுக்கும் மாற்றுங்கள். முதல் தவறுக்கு மருந்தே இதுதான். ஒழுங்காக மாற்றி வந்தால் நான்கும் ஒரே நேரத்தில் தேய்ந்து நிற்கும்.

நட்டை ஏர் கன்னோடு முடிப்பது

ஏர் கன் நட்டை ஓட்டி இறக்குவதற்கு மட்டும். இறுக்குவது டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்), எதிரெதிர் நட்டாக நட்சத்திர வரிசையில், கையேட்டில் உள்ள அளவுக்கு. 50 கி.மீ. ஓடியபின் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். விருதுநகர் போய் இறங்கினால் அந்தத் தூரம் ஆகிவிடும். டயர் ஆறியதும் அங்கேயே ரெஞ்சை எடுத்துவிடுங்கள்.